மாப்பிள்ளைப் பூ

போன வாரம் நம் தையல்காரியை அழுத கண்ணோடு தகர வேலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவளுக்கு அன்றிலிருந்து சரியான தூக்கமே இல்லை.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா கட்டிய வீடு ஒன்று. அப்பா காலமான பிறகு இடது பாதி மகளுக்கு, வலது பாதி மகனுக்கு என்று சண்டை சச்சரவில்லாமல் பிரிந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் வரலாறு டீச்சர். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, ஒரே பெண் வெளியூரில் வேலை பார்க்கிறாள். மகன் டவுன் பஸ் டிரைவர். அந்த டிரைவரின் மனைவிதான் நம் தையல்காரி. வீடு இரண்டானாலும் பின்னால் இருந்த தோட்டம் மட்டும் ஒன்றாகவே கிடந்தது.

அதுவும் போன குளிர்காலம் வரைக்கும்தான். நம் டிரைவர் தங்கமான மனுஷர். ஆனால் கையில் கத்தரி அகப்பட்டால் போச்சு. குளிர்காலத்தில் ரோஜாவைக் கொஞ்சம் கழித்துவிட்டால் வசந்தத்தில் நன்றாகப் பூக்கும் என்று யாரோ பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்களாம். இவர் வீட்டுக்கு வந்து, அப்பா ஒற்றைக் குச்சியாக நட்டு, மாடி ஜன்னல் வரை வளர்த்த கொடிரோஜாவை அடியோடு கழித்துவிட்டார். மிச்சம் நின்றது முழங்கால் உயரக் கட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பார்த்த டீச்சர், "அப்பா போனது ஒரு தடவை. இன்னைக்கு நீ ரெண்டாந்தடவை அனுப்பி வச்சுட்ட" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த வாரமே தோட்டத்தின் நடுவே தகர வேலி எழும்பியது. அன்றைக்கு நின்ற பேச்சு இன்றுவரை நின்றபடியே இருக்கிறது.

இப்போது புதுச் சேதி. ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்க வந்த ஒரு அம்மாள் போகிற போக்கில், "உங்க நாத்தனார் அவங்க பாதியை விக்கிறாங்களாமே, ஞாயித்துக்கிழமை வாங்கறவங்க வந்து பார்க்கறாங்களாமே" என்று கேட்டுவிட்டுப் போனாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "அவ தைக்கணும்ங்கறா, முன்னறையை அவளுக்கு விடுங்க" என்று மாமனாரோடு மல்லுக்கு நின்று மிஷின் போட இடம் வாங்கிக் கொடுத்தவள் இந்த நாத்தனார். வேலி எழும்பும் வரை, சாயங்காலம் ஆனால் டீயை எடுத்துக்கொண்டு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். அவள் போய்விட்டால் இந்த வீடு வீடாக இருக்காது என்று தையல்காரிக்குத் தோன்றியது. கணவரிடம் இன்னும் மூச்சு விடவில்லை. சொன்னால் அந்த மனுஷர் அடுத்த நாள் பஸ்ஸை எங்கே கொண்டுபோய் விடுவாரோ என்று பயம்.

விடிந்தும் விடியாமலும் டிரைவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். தையல்காரி பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்கு வந்தாள். இரண்டு நாளாகப் பூந்தூறல். மண் குளிர்ந்து, மிதித்தால் கால் பதிந்தது.

வசந்தம் வந்தாலும் வந்தது, தோட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. தக்காளிச் செடிகள் நட்டு வைத்த குச்சிகளைத் தாண்டி வளர்ந்துவிட்டன. அவற்றைக் கட்ட அவள் கயிறு வாங்குவதே இல்லை. பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய நீலத்துணி ஓரங்கள்தான் கயிறு. அதனால் எல்லாத் தக்காளியும் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகளாக வரிசையில் நிற்கும். பீன்ஸ் கொடி கட்டை விரலளவு பிஞ்சுகளோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வேலி ஓரத்துச் சாமந்தி நாற்றுகள் மழையில் தலை கவிழ்ந்திருந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தாள்.

அப்புறம்தான் பூசணியைப் பார்த்தாள்.

பெரிய இலைக்கடியில், மஞ்சளாக, அவள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ விரிந்திருந்தது. பூவுக்குக் கீழே உருண்டையாகப் பச்சைப் பிஞ்சு. பெண்பூ. இந்தக் கொடியில் முன்னால் வந்த இரண்டு பிஞ்சுகளும் மஞ்சளடித்து விழுந்துவிட்டன. மூன்றாவது இதுதான்.

"வந்துட்டியாடி கண்ணு" என்று குனிந்து கொஞ்சினாள்.

கொஞ்சின வாய் மூடவில்லை, மனசுக்குள் திக்கென்றது. பூசணியின் பெண்பூவுக்கு ஆயுசு ஒரு காலைப்பொழுது. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. அதற்குள் ஒரு ஆண்பூவின் மகரந்தம் வந்து ஒட்டினால் பிஞ்சு நிற்கும். ஒட்டாவிட்டால் உதிரும். வழக்கமாகத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். இந்தத் தூறலில் தேனீ எங்கே வரப்போகிறது. நாமே ஒரு ஆண்பூவைப் பறித்துத் தடவிவிட்டால் போதும். மாமனார் இருந்தவரை அப்படித்தான் செய்வார், அவள் பார்த்திருக்கிறாள்.

ஆனால் கொடி முழுக்கத் தேடியும் ஒரு ஆண்பூ இல்லை. மொட்டுகூட இல்லை.

எங்கே போச்சு என்று யோசித்தவளுக்குச் சட்டென்று மிஷின் மேலிருந்த கண்ணாடி டம்ளர் ஞாபகம் வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். நாலு நாளைக்கு முன்னால் டிரைவர் கை நிறைய மஞ்சள் பூக்களோடு முன்னறைக்கு வந்து, டம்ளரில் தண்ணீர் பிடித்து, அதில் வைத்து, மிஷின் மேல் வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் கையால் வாங்கிய முதல் பூங்கொத்து. "உனக்குத்தான்" என்று வேறு சொன்னார். தையல்காரி உருகிப்போனாள். பூ கொடுத்த புருஷனைப் பார்ப்பாளா, கொடுத்தது என்ன பூ என்று பார்ப்பாளா. இரண்டு நாளில் பூ வாடியது, எடுத்துக் குப்பைக்குழியில் போட்டாள். இப்போதுதான் உறைத்தது.

போனைப் போட்டாள். டிப்போவில் இரண்டாவது நடைக்குக் காத்திருந்தவர் உடனே எடுத்தார்.

"என்னங்க, பூசணிக்கொடில பிஞ்சு இல்லாத பூன்னு ஒண்ணாவது விட்டு வச்சீங்களா?"

"ஒண்ணுகூட விடல" என்றார் பெருமையாக. "எல்லாம் வெறும் பூ. காய்க்கவும் போறதில்ல, சும்மா செடியோட சத்தை உறிஞ்சிக்கிட்டு நின்னுச்சு. மொட்டையும் சேர்த்து எடுத்துட்டேன். நான் ஒரு வேலையில இறங்கினா..."

"முழுசா முடிச்சுட்டுத்தான் நிமிருவீங்க. அதான் தெரியுமே."

"ஏன், என்ன ஆச்சு?"

"பொண்ணு அலங்காரம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க ஊர்ல இருக்கற மாப்பிள்ளை எல்லாரையும் பறிச்சு டம்ளர்ல வச்சுட்டீங்க."

"அப்ப அதெல்லாம் ஆம்பளப் பூவா?"

"ஆமா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"நான் வண்டி எடுக்கணும், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். ரோஜா விஷயத்திலும் அவர் இப்படித்தான் ஓடி ஒளிந்தார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. இந்தக் குடும்பத்தில் எது துளிர்த்தாலும் அந்தக் கத்தரிக்குத் தப்பாது போலிருக்கிறதே என்று ஒரு சோர்வு வந்தது. அப்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்துவிட்டாள்.

தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று உண்டு. அதில் கண்ணை வைத்தாள். ஒளிந்து பார்ப்பது தப்புதான், இருந்தாலும் என்ன செய்ய. அந்தப் பக்கத்துக் குப்பைக்குழியில் தானாக முளைத்த பூசணி, கேட்பாரில்லாமல் படர்ந்து கிடந்தது. அதில் நீளக் காம்பில், கீழே பிஞ்சு இல்லாமல், மஞ்சள் மஞ்சளாக எத்தனை பூ. சம்பந்தம் பேச வந்தவர்களைப்போல வரிசையாக நின்றிருந்தன.

பேச ஒரு சாக்கு கிடைக்காதா என்று இத்தனை மாதமாக ஏங்கியவளுக்குச் சாக்கு கண்ணெதிரே பூத்திருந்தது. ஆனால் கால் நகரவில்லை. மூஞ்சியில் அடித்த மாதிரி ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. திரும்பிப் பெண்பூவைப் பார்த்தாள். அது யாருக்கும் காத்திருக்கப் போவதில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போய் நாத்தனார் வீட்டு மணியை அடித்தாள்.

டீச்சர் பாதி வாரிய தலையோடு கதவைத் திறந்தாள். சீப்பு தலையிலேயே நின்றது.

"என்ன?"

"அக்கா, ஒரு பூ வேணும்."

"என்ன பூ?"

"பூசணிப் பூ. எங்க கொடில பொண்ணு பூத்திருக்கு, மாப்பிள்ளை இல்ல. உங்க பக்கம் நிறைய இருக்கு. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க பக்கத்து மாப்பிள்ளைங்க எல்லாம் எங்க போனாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உங்க தம்பி பறிச்சு எனக்குக் குடுத்துட்டார்."

"என்னத்துக்கு?"

"பூங்கொத்தா."

டீச்சரின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு வந்துவிடுமோ என்று சீப்பைப் பிடுங்கி மறுபடி தலைக்குள் செருகினாள். "மறுபடியும் கத்தரியை எடுத்தானா" என்று முணுமுணுத்தாள். தையல்காரி ஒரு எட்டு உள்ளே வைக்கப் போனாள். டீச்சர் நகராமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ இங்கயே இரு. நான் எடுத்துட்டு வரேன்."

வாசலில் நிறுத்திவிட்டார்களே என்று தையல்காரிக்குச் சுருக்கென்றது. சுவரில் மாமனார் போட்டோ தெரிந்தது. அதற்குக் கீழே பாத்திரம் பண்டம் கட்டி வைத்த இரண்டு அட்டைப்பெட்டிகள். அப்ப விற்பது நிஜம்தான்.

டீச்சர் திரும்பி வந்தாள். "இந்தா. இருக்கறதுலயே பெருசாப் பார்த்துப் பறிச்சேன்."

தையல்காரி வாங்கிப் பார்த்தாள். பெரிய பூதான். அதன் கீழே கொழுகொழுவென்று ஒரு பிஞ்சு.

"அக்கா, இது பொண்ணு."

"எது?"

"கீழ பாருங்க. பிஞ்சு இருக்கா? இதுதான் காய்க்கற பூ. நல்ல பிஞ்சு, உருப்படியா வந்திருக்கும். பறிச்சுட்டீங்க."

டீச்சர் பூவைப் பார்த்தாள். பிஞ்சைப் பார்த்தாள். எந்த ராஜா எந்த வருஷம் யாரிடம் தோற்றான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிறவளுக்கு ஒரு பூ ஆணா பெண்ணா என்று தெரியவில்லை.

"நீங்களும் உங்க தம்பியும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான் அக்கா. சந்தேகமே இல்ல" என்றாள் தையல்காரி. வாய் தவறித்தான் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சருக்கு இந்தத் தடவை சிரிப்பை அடக்க முடியவில்லை. சீப்போடு சேர்ந்து தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்பில் வாசலை அடைத்த கை கொஞ்சம் தாழ்ந்தது. அவ்வளவுதான், கூட்டத்தில் பஸ் ஏறிப் பழகியவள் ஆயிற்றே, தையல்காரி அந்தச் சந்தில் நுழைந்து கூடத்தைத் தாண்டி விடுவிடுவென்று பின்பக்கம் போய்விட்டாள்.

"ஏய், நில்லு. அங்க போகாதே" என்று டீச்சர் பின்னாலேயே ஓடி வந்தாள்.

டீச்சர் பக்கத்துத் தோட்டம் ஒரே களைக்காடாக இருந்தது. ஆனால் தகரத்தை ஒட்டிய ஒரு மூலை மட்டும் பெருக்கித் துடைத்த மாதிரி சுத்தம். அங்கே நாலு செங்கல் சுற்றி வைத்து, மேலே பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கூடாரம்போல் கட்டியிருந்தது. விரிப்பின் ஓரத் தையலைப் பார்த்ததுமே தெரிந்தது, தான் அடித்தது. ஓட்டை வழியாகப் பார்த்தபோது இந்த மூலை கண்ணில் படவில்லை.

விரிப்பை விலக்கினாள்.

தகரத்துக்கு அடியிலிருந்து, மண்ணைப் பிளந்துகொண்டு, செம்பழுப்பு நிறத்தில் மூன்று தளிர்க்கொம்புகள். முள் இன்னும் முற்றாமல் மெத்தென்று இருந்தது. கொம்புகளைப் பஞ்சு வைத்துச் சுற்றிக் குச்சியோடு டீச்சர் கட்டியிருந்தாள். ஒரு கொம்பின் நுனியில், கொத்தாக, மொட்டு.

"அக்கா, இது மாமாவோட ரோஜா."

டீச்சர் குப்புறக் கிடந்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"குளிர் விட்டதும் வந்துச்சு. முதல்ல களைன்னு நெனச்சேன். இலை விட்டதும் தெரிஞ்சிடுச்சு."

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல? அந்த மனுஷன் கொலைகாரன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியறார்."

"எப்படிச் சொல்றது? செத்துடுச்சு செத்துடுச்சுன்னு ஊர் முழுக்க நான்தானே சொன்னேன். வேலி போட்டதும் நான்தான். இப்ப போய், தம்பி, அது துளிர்த்துடுச்சு, நான்தான் அவசரப்பட்டுட்டேன்னு சொல்லணும். நாக்கு எழலம்மா." டீச்சரின் குரல் உடைந்தது. "தினம் காலையில இதுகிட்ட வந்து உக்காருவேன். இன்னைக்குச் சொல்லிடணும்னு நெனப்பேன். அவன் பஸ் வர்ற சத்தம் கேட்டா சந்துக்குள்ள திரும்பிடுவேன். ஸ்கூலுக்கு அந்தப் பஸ்தான் வசதி. அதை விட்டுட்டு இத்தனை மாசமா நடந்தே போறேன்."

தையல்காரி அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். "வீட்டை விக்கிறீங்களாமே" என்று மெதுவாகக் கேட்டாள்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. "கோபத்துல பேசி வச்சது. பொண்ணும் என்கிட்டயே வந்துடும்மாங்கறா. சரின்னு வார்த்தை குடுத்துட்டேன். அப்புறம் பார்த்தா இது முளைக்குது. வாங்கறவங்க பின்னாடி கார் நிறுத்த ஷெட் போடுவாங்களாம். சிமெண்ட் பூசிடுவாங்க."

"அப்ப இது?"

"பேத்து எடுத்துட்டுப் போலாம்னு தோண்டிப் பார்த்தேன். முடியாது. துளிர்தான் என் பக்கம். வேர் உங்க பக்கம் இருக்கு."

தூறல் நின்று, மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம் கூடிக்கொண்டு வந்தது.

"அவன்கிட்ட சொல்லாதே" என்றாள் டீச்சர். "ரோஜாவையும் சொல்லாதே, வீட்டையும் சொல்லாதே. எதைச் சொல்றதுன்னாலும் நானே சொல்றேன்."

தையல்காரி தலையாட்டினாள். மனசில்லாமல்தான் ஆட்டினாள். பிறகு எழுந்துபோய் நல்ல ஆண்பூவாகப் பார்த்து நீளக் காம்போடு கிள்ளினாள். "வெயில் வருது அக்கா. தெரு சுத்திப் போறதுக்குள்ள அங்க பொண்ணு கதவைச் சாத்திக்கும்."

டீச்சர் வானத்தைப் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் குறடை எடுத்துவந்து, ஒரு தகரத்தை மரத்தூணோடு இறுக்கியிருந்த கட்டுக்கம்பியை, கீழ்ப்பக்கத்திலிருந்து முறுக்கவிழ்த்தாள். துருப்பிடித்த கம்பி கிறீச்சிட்டது.

"இது பூவுக்காக மட்டும்" என்றாள்.

"ஆமா, பூவுக்காகத்தான்" என்று தையல்காரி குனிந்து அந்த இடைவெளியில் புகுந்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒருத்தராவது வரவேண்டாமா? வாங்க."

டீச்சர் வரவில்லை. ஆனால் முட்டி போட்டு, தலையை மட்டும் தகரத்துக்கு இந்தப் பக்கம் நீட்டினாள்.

தையல்காரி ஆண்பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கிழித்தெடுத்தாள். தப்பான தையலைப் பிரிக்கிற அதே விரல், துணிக்கு வலிக்காமல் பிரிக்கிற விரல். நடுவில் மஞ்சள் தூளோடு நின்ற தண்டைப் பெண்பூவுக்குள் விட்டு மெதுவாகச் சுற்றித் தடவினாள். பிறகு பெண்பூவின் வாயைக் குவித்து, மழை உள்ளே போகாமலிருக்க, இடுப்பில் செருகியிருந்த சிவப்பு நூலால் கட்டினாள்.

"முடிச்சுப் போட்டாச்சா?" என்று டீச்சர் கேட்டாள்.

"போட்டாச்சு. இனிமே நாம சம்பந்திங்க."

"நிக்குமா?"

"ஞாயித்துக்கிழமை வாக்குல தெரிஞ்சிடும். நின்னா பச்சையா பெருக்கும். இல்லன்னா மஞ்சளடிச்சுடும்."

ஞாயிற்றுக்கிழமை என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார்கள். அப்படிப் பார்க்கையில்தான் டீச்சரின் கண் அந்தக் கட்டையில் விழுந்தது. டிரைவர் வெட்டி மிச்சம் வைத்த ரோஜாக் கட்டை. மேலே காய்ந்துதான் கிடந்தது. ஆனால் அதைச் சுற்றி மண் கொத்திப் பாத்தி கட்டியிருந்தது. பாத்தியில் உரம் போட்டு, பக்கத்தில் பூவாளி சாய்த்து வைத்திருந்தது.

"அதுக்கு யார் தண்ணி ஊத்தறது?"

"உங்க தம்பிதான். டூட்டி முடிஞ்சு வந்ததும் முதல் வேலை அதுதான், சட்டைகூட மாத்தமாட்டார். பட்ட கட்டைக்கு எதுக்குங்க தண்ணின்னு கேட்டா, பேசாம ஊத்திட்டு வந்துடுவார்."

டீச்சர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்ற குரல் மட்டும் வந்தது.

தையல்காரி முன்னறைக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். முடிக்க வேண்டிய சீருடைகள் குவிந்து கிடந்தன. கால் மிதித்ததே தவிர, கண் ஜன்னலில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தெருமுனை பஸ் ஸ்டாப் தெரியும்.

டீச்சர் கைப்பையும் குடையுமாகத் தெருவில் இறங்கினாள். சந்துக்குப் பக்கத்தில் வந்ததும் வழக்கம்போல் அதற்குள் திரும்பினாள். தையல்காரி ஊசியைப் பார்க்கக் குனிந்தாள். சரி, ஒரே நாளில் எல்லாம் நடக்குமா என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது டீச்சர் சந்திலிருந்து திரும்பி வந்து ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. நம் டிரைவரின் பஸ்தான். நின்றது. காத்திருந்தவர்கள் எல்லாம் ஏறினார்கள், டீச்சர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதற்கும் கிளம்பவில்லை. யாரோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னவோ கத்தினார்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் நேரம் பார்த்து ஓட்டுகிற மனுஷர், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் ஏறினாள்.

தையல்காரி மிஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். ஒரு சீருடைச் சட்டையின் காலர் நனைந்துபோயிற்று.

சாயங்காலம் டிரைவர் வீட்டுக்கு வந்தார். நேராகப் பூவாளிக்குப் போகிறவர், அன்றைக்கு மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். அது டீச்சர் உட்காருகிற ஸ்டூல்.

"அக்கா இன்னைக்கு என் பஸ்ல வந்தா."

"அப்படியா?" என்றாள் தையல்காரி, ஒன்றும் தெரியாதவள்போல. "பேசினாங்களா?"

"எறங்கற வரைக்கும் ஒண்ணும் பேசல. எனக்குப் பின்னாடி சீட்லயே உக்காந்திருந்தா. கண்ணாடில பார்த்துக்கிட்டே வந்தேன், முடி நரைச்சுப்போச்சு அவளுக்கு. எறங்கறப்போ பக்கத்துல வந்து நின்னா. உன் தோட்டக் கத்தரியைக் கொண்டு வந்து என்கிட்ட குடுத்துடுன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிக்கான்னேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேற என்ன கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். கத்தரிதானே." கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை கொண்டு வரணுமாம். யாரோ வீட்டுக்கு வர்றாங்களாம், அப்ப நான் பக்கத்துல இருக்கணுமாம். யாரு வர்றா?" என்று கேட்டார்.

தையல்காரி நூலை ஊசிக் காதில் கோக்கப் பார்த்தாள். நூல் உள்ளே போகாமல் விலகி விலகிப் போயிற்று. வாங்குகிறவர்களிடம் இல்லை என்று சொல்லத் தம்பியைத் துணைக்குக் கூப்பிடுகிறாளா, விற்றாயிற்று என்று தம்பி காதில் போட்டுவைக்கக் கூப்பிடுகிறாளா. வாக்குக் கொடுத்தாயிற்று, வாயைத் திறக்க முடியாது.

"அவங்களே சொல்வாங்க" என்றாள்.

அப்போது பின்பக்கம் தகரம் அதிர்கிற சத்தம் கேட்டது. கிறீச்சென்று கம்பிச் சத்தம். இருவரும் எழுந்து பின்கதவுக்கு வந்தார்கள். பொழுது சாய்கிற வெளிச்சத்தில், காலையில் நெகிழ்த்திய தகரம் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் டீச்சரின் கையும் குறடும் மட்டும் தெரிந்தன. கம்பியை மறுபடி முறுக்குகிறாளா, மேலேயும் சேர்த்து அவிழ்க்கிறாளா, இங்கிருந்து பார்த்தால் சொல்ல முடியவில்லை.

"என்ன பண்றா?" என்று டிரைவர் கேட்டார்.

"தெரியலையே."

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் இறங்கினார். கதவு ஆணியில் தொங்கிய கத்தரியைத் தாண்டித்தான் போனார், அதை எடுக்கவில்லை.

"எங்க போறீங்க? முறுக்கறாங்களோ அவிழ்க்கறாங்களோ, தெரியாம போய் நின்னு..."

"எதைப் பண்றதுன்னாலும் இந்தப் பக்கம் தகரத்தை ஒருத்தர் பிடிச்சுக்கணும்ல" என்றார் அவர். நூல் கட்டிய பூசணிப்பூவை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போய், இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்தார். ஆட்டம் நின்றது.

அந்தப் பக்கம் குறடு ஒரு நொடி நிதானித்தது. பிறகு டீச்சரின் குரல் வந்தது.

"கொஞ்சம் உயர்த்திப் பிடி."